விட்டுப் போன வீட்டில் ஒரு பூனை

போன ஐப்பசியில் எங்கள் மாடிப் போர்ஷனில் குடியிருந்தவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். விடிவதற்குள் குட்டி யானை வண்டி வந்து வாசலில் நின்றுவிட்டது. கட்டில், பீரோ, கிரைண்டர், துளசித் தொட்டி, துணி காயப்போடும் ஸ்டாண்டு என்று ஒவ்வொன்றாக ஏறின. ஆறு வருஷமாக அந்த வீட்டில் வளர்ந்த சிட்டு மட்டும் ஏறவில்லை. கேட்டேன். "பூனை வீட்டோடதான்க்கா பழகும், ஆளோட பழகாது. கொண்டுபோனாலும் இங்கதான் ஓடிவரும்" என்றார் அந்தப் பெண். சொல்லும்போது அவருக்கே கண் கலங்கிவிட்டது. அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. ஊரே நம்புகிற ஒன்றை அவரும் நம்பினார்.

மறுநாள் பால் பாக்கெட் எடுக்க வெளியே வந்தால், சிட்டு மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தது. பூட்டிய கதவைப் பார்த்தபடி. மாலையிலும் அங்கேயே. நெத்திலிக் கருவாடு வறுத்துக் கொண்டுபோய் வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அதே வீடு, அதே படி, அதே கொய்யா மரம், அதே மதில் சுவர். வீட்டோடு மட்டும் பழகிய பூனைக்கு இங்கே என்ன குறை? மூன்றாம் நாள் ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. துண்டில் சுற்றி உள்ளே தூக்கி வந்தேன்.

நம் ஊரில் பூனைக்கு நல்ல பேர் வாய்த்ததே இல்லை. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று சொல்லும் பாறைச் சிற்பத்தில், கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும் பூனையைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் எலிகள். பல்லவர் காலத்துச் சிற்பி 7-ஆம் நூற்றாண்டில் செதுக்கிய அந்தப் போலிச் சாமியார் முகம் இன்னும் நம் மனதைவிட்டுப் போகவில்லை. நாய், எசமான் வீட்டில் பிள்ளைகள் பெருக வேண்டும் என்று சாமியிடம் கேட்குமாம். பூனை, எசமானுக்குக் கண் தெரியாமல் போக வேண்டும் என்று கேட்குமாம். சின்ன வயதில் அம்மா சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். இப்படியெல்லாம் சொல்லி வைத்திருப்பதால்தான், குட்டிகளைக் கோணியில் கட்டி மீன் மார்க்கெட்டில் விட்டுவருவதும், வீடு மாறும்போது பூனையை விட்டுப்போவதும் நமக்குப் பெரிய தவறாகத் தெரிவதில்லை. பாசமே இல்லாத பிராணிக்குப் பிரிவு ஏது என்ற கணக்கு.

இந்தக் கணக்கைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2015-இல் இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆலிஸ் பாட்டர், டேனியல் மில்ஸ் இருவரும் 20 பூனைகளை வைத்துச் செய்த ஆய்வு, முதலில் ஊர்ப்பேச்சின் பக்கம் நிற்பதுபோலத்தான் இருந்தது. வளர்ப்பவர் அறையைவிட்டுப் போனபோது பூனைகள் கூடுதலாகக் கத்தின. அதைத் தாண்டி, பாதுகாப்புக்காகப் பூனை மனிதரைச் சார்ந்திருக்கிறது என்பதற்கு உறுதியான அடையாளம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

நான்கு வருஷம் கழித்து அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து வேறொரு முடிவு வந்தது. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கைக்குழந்தை தாயிடம் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதை அறிய மேரி எயின்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் வகுத்த முறை ஒன்று உண்டு. பழக்கமில்லாத அறையில் தாயும் பிள்ளையும் இருப்பார்கள். தாய் சற்று நேரம் வெளியே போய்த் திரும்பி வருவாள். வந்ததும் பிள்ளை என்ன செய்கிறது என்று பார்ப்பார்கள். அந்த வழியில் வந்த ஒரு சோதனையைக் கிறிஸ்டின் விட்டேல் குழுவினர் பூனைக்குட்டிகளுக்கு வைத்தார்கள். இரண்டு நிமிஷம் வளர்ப்பவரோடு, இரண்டு நிமிஷம் தனியாக, மறுபடி இரண்டு நிமிஷம் அவரோடு. தனியாக இருந்தபோது கத்தித் தவித்த குட்டிகளில் பல, ஆள் திரும்பி வந்ததும் ஓடிப்போய் உரசிவிட்டு, நிம்மதியாக அறையைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிட்டன. தெம்பு வந்துவிட்டது. வேறு சில, மடியைவிட்டு இறங்கவே இல்லை. அல்லது மூலையில் ஒதுங்கின. வகைப்படுத்த முடிந்த 70 குட்டிகளில் 64.3 சதவீதம் முதல் வகை. வளர்ந்த பூனைகளிலும் ஏறத்தாழ அதே அளவு. மனிதக் குழந்தைகளில் இது சுமார் 65 சதவீதம்.

எண்கள் ஒத்துப்போவது ஒருபுறம் இருக்கட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த அறை. அது யாருடைய வீடும் இல்லை. பூனைக்குத் தெரிந்த சுவர், தெரிந்த வாசனை எதுவும் அங்கே கிடையாது. வீட்டோடு மட்டும் பழகும் பிராணியென்றால் ஆள் வந்தாலும் போனாலும் அதற்கு ஒன்றாகத்தான் இருந்திருக்கும். அந்த அறையில் அதற்குத் தெரிந்த ஒரே இடம், வந்து உட்கார்ந்த அந்த மனிதர்.

இன்னும் பழைய சாட்சி ஒன்றும் உண்டு. சைப்ரஸ் தீவின் ஷிலூரோகாம்போஸ் என்ற இடத்தில் சுமார் 9,500 வருஷத்துக்கு முந்தைய புதைகுழி ஒன்றை பிரெஞ்சு அகழ்வாய்வாளர்கள் கண்டெடுத்து, 2004-இல் அறிவித்தார்கள். ஒரு மனிதர்; அவரிடமிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி, ஏறக்குறைய எட்டு மாத வயதுள்ள ஒரு பூனை. அந்தத் தீவில் இயற்கையாகப் பூனையினம் கிடையாது. அப்படியானால் பூனைகள் அங்கே படகில்தான் போயிருக்க வேண்டும். ஊர்விட்டு ஊர் போன மனிதர்கள், கடல் தாண்டிப் போகும்போதும் பூனையை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ஊர்ப்பேச்சு முழுப் பொய்யும் இல்லை. வீட்டுப்பூனைக்கு மூதாதை, மேற்காசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தனியே திரிந்த காட்டுப்பூனை. கூட்டம் கிடையாது, எல்லைதான் எல்லாம். அதனால் பூனை தன் வீட்டை மூக்கால் வரைந்து வைத்திருக்கிறது. கதவு நிலையில், நாற்காலிக் காலில், நம் கணுக்காலில் அது கன்னத்தைத் தேய்க்கும்போது முகச் சுரப்பிகளின் வாசனையைப் பூசிவிட்டுப் போகிறது. அந்த வாசனை இருக்கும் வரை இடம் தனதாக இருக்கிறது. புது வீட்டுக்குப் போனால் ஒரே நாளில் அத்தனையும் அழிந்துபோகிறது. மிரண்டு ஓடுவது அதனால்தான். ஆனால் கணுக்காலிலும் அது பூசியிருக்கிறதே. மனிதரும் அந்த வரைபடத்தில் ஒரு பகுதி.

சிட்டு எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரம் பீரோவுக்கு அடியில் போனது, வெளியே வரவில்லை. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு வந்து ரெண்டு வாய் தின்னும். ஐந்தாம் நாள் என் மெத்தையில் மூத்திரம் போனது. மறுநாள் பாயில். "கூட்டிவந்து சோறு போட்டா இப்படித்தான் பழிவாங்கும்" என்றார் அத்தை. எனக்கும் கோபம் வந்தது. அதற்கடுத்த நாள் அது மணல் தட்டில் குந்திக்கொண்டு வெகுநேரம் முக்குவதைப் பார்த்த பிறகுதான் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். மூத்திரத்தில் ரத்தம் இருந்தது. கிருமித் தொற்று இல்லை, கல்லும் இல்லை. "வீட்ல ஏதாச்சும் மாறுச்சாம்மா?" என்பதுதான் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி.

மன உளைச்சலால் பூனைக்கு மூத்திரப்பை வீங்கி ரத்தம் கசியும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்ற கால்நடை மருத்துவர் பல வருஷம் இதையே ஆராய்ந்தவர். அவரும் ஜூடி ஸ்டெல்லாவும் 32 பூனைகளை 77 வாரம் கவனித்து 2011-இல் எழுதினார்கள். அவற்றில் 20 மூத்திரப்பை நோயுள்ளவை, 12 நோயற்றவை. சோறு வைக்கும் நேரம் மாறுவது, தினமும் பார்த்துக்கொள்பவர் மாறுவது போன்ற சின்ன மாற்றங்கள் வந்த வாரங்களில், நோயுள்ளவை மட்டுமல்ல, நன்றாக இருந்த பூனைகளும் வாந்தி எடுத்தன, சாப்பாட்டைக் குறைத்தன, மணல் தட்டுக்கு வெளியே போயின. உடம்பில் வியாதியே இல்லாத பூனை, ஆள் மாறியதற்காக நோயாளிபோல் ஆகிவிடுகிறது.

மெத்தையில் போனது பழி அல்ல. அதற்கு வலி. அடக்க முடியவில்லை. பயத்தில், தன் வாசனையும் நம் வாசனையும் சேர்ந்திருக்கும் மெத்தென்ற இடத்தைத் தேடியிருக்கிறது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இதற்காகவே அடிவாங்கித் தெருவுக்குப் போகும் பூனைகள் ஏராளம். பூனை வளர்ப்பவர்கள் இன்னும் இரண்டைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். ஆண்பூனை முக்கியும் மூத்திரம் வரவில்லையென்றால் குழாய் அடைத்திருக்கலாம். மறுநாள் பார்ப்போம் என்று விட்டால் உயிர் போய்விடும். ஏங்கிப்போய் நாள் கணக்கில் தின்னாமல் கிடக்கும் பூனைக்கு ஈரலில் கொழுப்பு ஏறும், அதுவும் உயிருக்கு ஆபத்து. "தானா தின்னும், விடு" என்பது பூனை விஷயத்தில் சரிவராது.

பூனை நம்மைக் கவனிக்கும் விதமும் அமைதியானது. அமெரிக்காவில் மொரியா கால்வன், ஜெனிஃபர் வாங்க் இருவரும் 2016-இல் கண்டது, வளர்ப்பவர் சிரித்த முகமாக இருந்தால் பூனை அவரருகே அதிக நேரம் இருக்கிறது. முகம் சுளித்திருந்தால் அப்படி இல்லை. முன்பின் தெரியாத ஆளின் முகத்துக்கு இந்த வேறுபாடு கிடையாது. பாரிஸில் ஷார்லட் து மூசோன் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், நாம் பூனையிடம் மட்டும் பேசும் அந்தக் கொஞ்சல் குரலை வளர்ப்பவர் எடுத்ததும் பூனை நிமிர்ந்தது. வேற்றாள் அதே கொஞ்சலில் பேசினால் கண்டுகொள்ளவில்லை. "என் தங்கமே" என்பது யார் வாயிலிருந்து வருகிறது என்பதுதான் அதற்கு முக்கியம்.

இவற்றில் என் மனதுக்கு நெருக்கமானது ஜப்பானில் அட்சுகோ சாய்ட்டோ செய்தது. 2013-இல் வந்த ஆய்வு. 20 பூனைகளுக்கு, அவற்றின் வீட்டிலேயே, ஆளைக் காட்டாமல் பதிவுசெய்த குரல்களை மட்டும் ஒலிக்கவிட்டார்கள். வேற்றாட்கள் ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பூனைகளுக்கு ஆர்வம் குறைந்துகொண்டே வந்தது. அப்புறம் வளர்ப்பவரின் குரல். காது திரும்பியது, தலை அசைந்தது. ஆனால் பதிலுக்குக் கத்துவதோ வாலை ஆட்டுவதோ பெரும்பாலும் இல்லை. தெரிந்துகொண்டதைக் காதின் அசைவோடு நிறுத்திக்கொண்டன. நாய் அந்த இடத்தில் வீட்டையே தலைகீழாக்கியிருக்கும். நாயைப் பார்த்த கண்ணாலேயே பூனையையும் பார்ப்பதால், எத்தனை காதசைவுகளை நாம் தவறவிட்டிருப்போம்!

மருந்தோடு மருத்துவர் சொன்னது எளிமையாக இருந்தது. ஒரே அறை, கதவைச் சாத்தி வையுங்கள். ஒளிய ஒரு அட்டைப்பெட்டி. ஒரே நேரத்தில் சாப்பாடு. பழைய வீட்டுத் துணி ஏதாவது இருந்தால் துவைக்காமல் போடுங்கள். தூக்காதீர்கள், கூப்பிடாதீர்கள், அதுவாக வரட்டும். மாடியில் அவர்கள் விட்டுப்போன கிழிந்த தலையணை உறை ஒன்று கிடந்தது. எடுத்துவந்து பெட்டிக்குள் விரித்தேன். அன்று ராத்திரி சிட்டு பீரோ அடியிலிருந்து பெட்டிக்கு மாறியது. வீடு மாறுகிறவர்கள் பூனையோடு செய்ய வேண்டியதும் இவ்வளவுதான். கூடையில் வைத்துக் கொண்டுபோய், பழைய போர்வையோடு ஒரு அறையில் இரண்டு மூன்று வாரம் வைத்திருந்தால், அது கொஞ்சம் கொஞ்சமாகப் புது வீட்டில் கன்னத்தைத் தேய்க்கத் தொடங்கும்.

தினமும் சாயங்காலம் அந்த அறையில் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்வேன். அது பெட்டிக்குள்ளிருந்து பார்க்கும். உற்றுப் பார்த்தால் பூனைக்குப் பயம். மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தால் அதுவும் அப்படியே செய்யும் என்று சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் டாஸ்மின் ஹம்ஃப்ரி குழு 2020-இல் எழுதியிருந்தது. செய்து பார்த்தேன். நாலு நாள் ஒன்றும் இல்லை. ஐந்தாம் நாள் சிட்டுவின் கண் பாதி மூடியது, முழுக்க மூடியது, மெல்லத் திறந்தது. கார்த்திகை தீபத்தன்று ராத்திரி, விளக்கு வைத்துவிட்டு வந்து உட்கார்ந்த என் முழங்காலில் வந்து கன்னத்தைத் தேய்த்தது.

தை பிறந்து சில நாள் கழித்து, பழைய மாடிக்காரப் பெண் தனக்கு வந்திருந்த தபால் ஒன்றை வாங்கிப்போக வந்தார். வாசலிலேயே நின்று பேசினார். புது வீடு, தண்ணீர்க் கஷ்டம், பிள்ளையின் பள்ளிக்கூடம். சிட்டு உள்ளே ஜன்னல் திட்டில் வெயிலில் படுத்திருந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "சிட்டூ" என்று கூப்பிட்டார், அந்தப் பழைய கொஞ்சலோடு. அது எழவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். "பாத்தீங்களாக்கா, மறந்தே போச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் நின்ற இடத்திலிருந்து முதுகு மட்டும்தான் தெரிந்திருக்கும். நான் உள்ளே இருந்தேன். முதல் கூப்பிடலிலேயே இரண்டு காதும் வாசல் பக்கம் திரும்பியிருந்தன. செருப்புச் சத்தம் கேட் தாண்டி, தெருமுனைவரை போய் ஓய்ந்த பிறகும் அவை திரும்பவில்லை.