ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. இலக்கங்களில் எழுதினால் 293318625600. சீனிவாச ராமானுஜன் 1915இல் வெளியிட்ட ஒரு பட்டியலில் இருந்திருக்க வேண்டிய எண் இது; ஆனால் அதில் இல்லை. இதை மீதமின்றி வகுக்கும் எண்கள், அதாவது காரணிகள், 5040. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை காரணிகள் கிடையாது.

இத்தகைய எண்கள் அரியவை. திருத்தணி மலைக்கோயிலுக்கு, ஆண்டின் நாளுக்கு ஒன்றாக, 365 படிகள். அந்த எண்ணுக்கு 1, 5, 73, 365 என நான்கே காரணிகள். ஐந்து படி கீழே, 360க்கு வந்தால் காரணிகள் 24! 360ஐப் போல, தனக்கு முந்தைய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சுபவையே மிகு பகு எண்கள். 2, 4, 6, 12, 24 என்று அந்த வரிசை தொடங்கும்.

விடுபட்ட எண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால் கிடைப்பது:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை வந்துவிடும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. இந்த 5040உம் ஒரு மிகு பகு எண் என்பது வியப்பு.

அடுக்குகள் 6, 4, 2, 2, 1 என்று ஏறாமல் இறங்கிவருவதற்குக் காரணம் உண்டு. 18 என்பது 2 × 3². 12 என்பது 2² × 3. இரண்டுக்கும் காரணிகள் ஆறுதான், ஆனால் 12 சிறியது. பெரிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கைக் கொடுத்தால் எண் வீணாகப் பருக்கிறது. காரணி ஒன்றும் கூடுவதில்லை. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 4, 36 இரண்டைத் தவிர எல்லா மிகு பகு எண்களிலும் 1தான் என்பதையும் ராமானுஜன் நிறுவினார்.

கணிப்பொறி இல்லாத காலத்தில் அவருடைய பட்டியல் 6746328388800 வரை சென்றது. அந்தக் கடைசி எண்ணுக்கு 10080 காரணிகள். அதை 23ஆல் வகுத்தால் கிடைப்பது, விடுபட்ட அதே எண்! இவ்வளவு நீண்ட பட்டியலில் இந்த ஒன்று மட்டுமே தவறியது அவருடைய கணக்கின் நேர்த்தியையே உணர்த்துகிறது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1916 மார்ச்சில் அவருக்கு ஆய்வுப் பட்டம் வழங்கியது இந்தப் பட்டியல் இடம்பெற்ற கட்டுரைக்காகத்தான். லண்டன் கணிதவியல் கழகத்தின் பண நெருக்கடியால் அப்போது கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறவில்லை. அது 1997இல்தான் வெளிவந்தது.