தூக்கம் தராத பிடிப்பு மாத்திரை: யாருக்கு, எத்தனை நாள்?

மலையில் தூக்கத்தின் விலை

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். கல்லட்டிப் பாதையில் 36. இந்த வளைவுகளில் லாரி ஓட்டுகிறவருக்கும், தேயிலைத் தொழிற்சாலையில் ஓடும் இயந்திரத்தின் அருகே நிற்கிறவருக்கும், காட்டெருமை மேயும் சரிவில் பனி விலகுமுன் கொழுந்துக் கூடையோடு இறங்குகிறவருக்கும் ஒரு நொடி அசந்தாலும் உயிருக்கு ஆபத்து. இடுப்புப் பிடிப்போடு மருந்துக்கடைக்குப் போய், "தூக்கம் வராத மாத்திரையா குடுங்க" என்று இவர்கள் கேட்பது முழுக்க நியாயம். ஆனால் அந்த ஒரு கேள்வியை வைத்து மட்டும் மாத்திரையைத் தேர்ந்தால், நீலகிரியில் அது தவறான ஆளுக்குப் போய்ச் சேர வாய்ப்பு அதிகம்.

எல்லாப் பிடிப்பு மாத்திரையும் ஒன்றல்ல

டிசானிடின், சைக்ளோபென்சாப்ரின், டயசெபாம் ஆகியவை மூளை, தண்டுவடம் வழியாகவே தசையைத் தளர்த்துகின்றன. தூக்கம் அந்த வேலையோடு ஒட்டியே வருவது. "இரவில் மட்டும் போட்டால் போதாதா?" என்று கேட்கலாம். அது மருந்தைப் பொறுத்தது. டிசானிடினில் பாதி சுமார் இரண்டரை மணி நேரத்தில் உடலைவிட்டு வெளியேறிவிடும். சைக்ளோபென்சாப்ரினுக்கு ஏறக்குறைய 18 மணி நேரம் ஆகும். பின்னதை இரவில் விழுங்கிய ஓட்டுநர் மறுநாள் காலையிலும் மந்தமாகவே ஸ்டியரிங்கைப் பிடிக்க நேரலாம். டிசானிடினுக்கும் வேறு ஆபத்து உண்டு: அது ரத்த அழுத்தத்தை இறக்கும். சிப்ரோஃப்ளாக்சசினோடு சேர்ந்தால் ரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு ஏறும் என்பதால் இரண்டையும் சேர்த்து எடுக்கவே கூடாது. வலிமருந்தோடு ஒரே மாத்திரையாகக் கிடைக்கும் குளோர்சாக்சசோனும் தூக்கம் தரும், அரிதாகக் கல்லீரலையும் கெடுக்கும். இவற்றோடு மது சேர்ந்தால் மயக்கம் இன்னும் கூடும்.

செங்காந்தள் தந்த மருந்து

தூக்கம் குறைவாகவே தரும் என்பதற்காக நம் நாட்டில் பரவலாக எழுதப்படுவது தையோகால்சிகோசைடு. நமது மாநில மலரான செங்காந்தளின் விதையிலுள்ள கால்சிகோசைடிலிருந்து அதைத் தயாரிக்கிறார்கள். தாராபுரம், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் கண்வலிக்கிழங்கு என்று பயிரிடுவது இந்தச் செடியைத்தான். 2013இல் ஐரோப்பிய மருந்து முகமை இம்மருந்துக்குக் கடுமையான வரம்பு விதிக்கப் பரிந்துரைத்தது. உடலில் இது மாறி உருவாகும் ஒரு பொருள், செல்கள் பிரியும்போது குரோமோசோம்களின் எண்ணிக்கையைப் பிறழச் செய்யக்கூடும் என்பதே காரணம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், கருத்தரிக்கும் வயதிலிருந்தும் கருத்தடை முறை எதையும் பின்பற்றாத பெண்கள், 16 வயது நிரம்பாதோர் இதை எடுக்கக் கூடாது. மற்றவர்களுக்கும் மாத்திரையாக 8 மில்லிகிராம், நாளுக்கு இரு வேளை, அதிகம் போனால் 7 நாள். கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் பெண்கள். ஓட்டுநருக்குப் பொருந்திய மாத்திரையை வீட்டிலுள்ள பெண்ணுக்கும் பகிர்ந்து கொடுப்பது இதனால்தான் எனக்குக் கவலை தருகிறது.

கூலியை விட முடியாதே?

ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாத வீட்டில் ஓய்வு எடுக்கச் சொல்வது பொருந்தாது என்பார்கள். உண்மைதான், நல்லவேளையாக, சாதாரண இடுப்புவலிக்குப் படுத்தே கிடப்பது மருத்துவமும் அல்ல. இயன்ற அளவு நடமாடுவதும் வெந்நீர் ஒத்தடமும்தான் முதலில் வரவேண்டியவை. 2021இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 31 ஆய்வுகளைத் தொகுத்து ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. முதல் இரண்டு வாரத்தில் தசைத் தளர்த்திகள் குறைக்கும் வலி, நூற்றுக்குச் சுமார் 8 புள்ளி. அதுவும் உறுதி குறைந்த சான்றோடு. இவ்வளவு சிறிய பலனுக்காக மாதக்கணக்கில் விழுங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே ஆண்டு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. நாள்பட்ட வலிக்காரர்கள் அதைக் கேட்டுப் பெற வேண்டும். வலியோடு காலில் பலம் குறைந்தாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ எந்த மாத்திரையையும் தேடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றபடி, செய்யும் தொழில், கர்ப்ப வாய்ப்பு, குடிப்பழக்கம், ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகள் ஆகிய நான்கையும் மருத்துவர் கேட்காவிட்டாலும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.