முதல் மூன்று நாட்களும் பால்குடி மறக்கும் வாரமும்: பன்றிக்குட்டிகளின் வளர்ச்சி தடைபடுவது ஏன்?

குவஹாத்தி: நாட்டின் பன்றி வளர்ப்பில் முன்னணியில் உள்ள வடகிழக்கு மாநிலங்கள், 2020-ம் ஆண்டில் அசாமிலும் அருணாச்சலப் பிரதேசத்திலும் முதன்முறையாகக் கண்டறியப்பட்ட ஆப்பிரிக்க பன்றிக் காய்ச்சலால் பெரும் இழப்பைச் சந்தித்தன. பட்டியைக் காலி செய்த குடும்பங்கள் மீண்டும் குட்டி வாங்கி வளர்க்க முற்படும்போது, நோய்க்கு அடுத்தபடியாக அவர்களுக்கு நட்டத்தை ஏற்படுத்துவது குட்டிகளின் முதல் இரண்டு மாத உணவில் நேரும் குறைபாடே ஆகும்.

2019-ம் ஆண்டின் 20-வது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் உள்ள பன்றிகளின் எண்ணிக்கை சுமார் 90.6 லட்சம். முந்தைய 2012-ம் ஆண்டு கணக்கெடுப்புடன் ஒப்பிடுகையில் இது 12 சதவீதம் குறைவு. இவற்றில் ஏறத்தாழ 21 லட்சம் பன்றிகளுடன் அசாம் முதலிடத்தில் உள்ளது. மேகாலயா, நாகாலாந்து, மிசோரம் போன்ற மலை மாநிலங்களில் இரண்டு அல்லது மூன்று பன்றிகள் உள்ள வீட்டுப் பட்டிகளே அதிகம். பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, திருமணம் எனப் பணம் தேவைப்படும் நேரத்தில் விற்கப்படும் சேமிப்பாகவே அங்கு பன்றி கருதப்படுகிறது. ஒரு குட்டி இரண்டு மாதம் வளர்ச்சி குன்றினால், அந்தச் சேமிப்பு கைக்கு வரும் காலமும் தள்ளிப்போகிறது.

பன்றிக்குட்டி பிறக்கும்போது அதன் இரத்தத்தில் நோய் எதிர்ப்புப் புரதங்கள் ஏறத்தாழ இல்லை என்றே கூறலாம். மனிதக் குழந்தைக்குக் கருவிலேயே தாயிடமிருந்து கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு, பன்றியின் நஞ்சுக்கொடி அமைப்பின் காரணமாகக் குட்டியைச் சென்றடைவதில்லை. எனவே சீம்பால் ஒன்றே வழி. சீம்பாலில் உள்ள பெரிய புரத மூலக்கூறுகளைச் சிதைக்காமல் உட்கிரகிக்கும் திறன் குட்டியின் குடலுக்குப் பிறந்த முதல் சில மணி நேரங்களில் மிக அதிகமாக இருந்து, ஒன்றிரண்டு நாட்களுக்குள் முற்றிலும் நின்றுவிடுகிறது. அதன் பிறகு எவ்வளவு சீம்பால் புகட்டினாலும் அது வெறும் உணவாகவே பயன்படும்.

குட்டியின் உடலில் கொழுப்பு மிகக் குறைவு. உடல் வெப்பத்தைத் தக்கவைக்க உதவும் பழுப்புக் கொழுப்பும் அதற்கு இல்லை. பிறந்த முதல் வாரத்தில் அதற்கு 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் தேவை. மலைப்பகுதியின் குளிர்கால இரவில் இந்த வெப்பம் கிடைக்காத குட்டி, வெதுவெதுப்புக்காகத் தாயை ஒட்டிப் படுத்து நசுங்குகிறது. அல்லது குளிரில் சோர்ந்து பால் குடிக்க எழாமல் இறக்கிறது. வைக்கோல் படுக்கையும் ஒரு மூலையில் மின்விளக்கும் அமைத்தால் இவ்வகை உயிரிழப்புகளைப் பெருமளவு தவிர்க்க முடியும்.

தூய்மையான கொட்டகையும் இரத்தசோகையும்

அடுத்த சிக்கல் இரும்புச்சத்து. பிறக்கும் குட்டியின் உடலில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் இரும்பு இருப்பு உள்ளது. வேகமாக வளரும் குட்டிக்கு நாளொன்றுக்கு 7 மில்லிகிராம் அல்லது அதற்கும் மேல் இரும்பு தேவைப்படும் நிலையில், தாய்ப்பாலில் கிடைப்பதோ ஏறக்குறைய 1 மில்லிகிராம் மட்டுமே. இருப்பு பத்து நாட்களுக்குள் கரைந்துவிடும் என்பது எளிய கணக்கு. தோல் வெளிறி, ரோமம் கரடுமுரடாகி, சிறிது ஓடினாலும் மூச்சு வாங்கும் குட்டிகள் இந்நிலையில் உள்ளவை. நன்கு பால் குடித்துக் கொழுத்து வளரும் குட்டியே முதலில் பாதிக்கப்படுகிறது என்பதால் பலர் இதை எதிர்பார்ப்பதில்லை.

காட்டிலும் வெளியிலும் திரியும் பன்றிகளிடம் இக்குறைபாடு பெரிதாகக் காணப்படுவதில்லை. மண்ணைக் கிளறி உண்ணும்போதே குட்டிக்கு இரும்பு கிடைத்துவிடுகிறது. சிமெண்ட் தளத்திலும், நாகாலாந்து, மிசோரம் பகுதிகளில் வழக்கமான மூங்கில் அல்லது மரப்பலகை பரண் கொட்டகையிலும் குட்டிக்கு மண் எட்டுவதில்லை. சுகாதாரத்துக்காகச் செய்யப்பட்ட ஏற்பாட்டின் விலை இது என்றே கூற வேண்டும். பிறந்த மூன்றாம் நாளுக்குள் கால்நடை மருத்துவர் மூலம் 200 மில்லிகிராம் அளவில் இரும்புச்சத்து ஊசி போடுவது உலகெங்கும் பின்பற்றப்படும் தீர்வு. கொட்டகைக்குள் மண் போட்டு வைக்கும் பழைய முறையும் பயன் தரும். ஆனால் பன்றிகள் நடமாடிய இடத்து மண்ணில் குடற்புழு முட்டைகள் இருக்கக்கூடும்.

பால் குறையும், பசி கூடும்

தாய்ப்பன்றியின் பால் சுரப்பு மூன்றாவது வாரம் வாக்கில் உச்சத்தை எட்டிப் பின்னர் குறையத் தொடங்குகிறது. குட்டியின் தேவையோ ஒவ்வொரு நாளும் கூடுகிறது. இந்த இடைவெளியை நிரப்பவே, பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து குட்டித் தீவனம் சிறிது சிறிதாக வைக்கப்படுகிறது. தாய் நுழைய முடியாத, குட்டி மட்டும் நுழையக்கூடிய இடைவெளியுள்ள தடுப்புக்குள் இதை வைக்க வேண்டும். இல்லையெனில் தாயே முழுவதையும் தின்றுவிடும்.

தொடக்கத்தில் குட்டிகள் இதைத் தின்பதைவிடச் சிந்துவதே அதிகம். எனினும் இதன் பயன் எடையில் மட்டும் இல்லை. பிறந்த குட்டியின் செரிமான மண்டலம் பாலுக்கென அமைந்தது. பால் சர்க்கரையைச் சிதைக்கும் நொதி அதில் மிகுதி. மாவுச்சத்தையும் தாவரப் புரதத்தையும் சிதைக்கும் நொதிகள் வாரக்கணக்கில் மெல்லத்தான் பெருகுகின்றன. வயிற்றில் அமிலச் சுரப்பும் குறைவு. புதிய உணவை முன்கூட்டியே சிறிதளவு பழக்குவது இந்த மாற்றத்துக்குக் குடலைத் தயார் செய்கிறது.

இந்தியச் சிறு பண்ணைகளில் ஆறு முதல் எட்டு வாரங்களில் குட்டிகள் தாயிடமிருந்து பிரிக்கப்படுகின்றன. பிரிக்கப்பட்ட முதல் வாரத்தில் எடை கூடாமல் நிற்பதும், சில குட்டிகள் எடை இழப்பதும் வழக்கம். தீனி எடுக்காத ஓரிரு நாட்களிலேயே சிறுகுடலின் உட்சுவரில் உள்ள உறிஞ்சு முடிச்சுகள் குட்டையாகிவிடுகின்றன. பிறகு பசியில் ஒரேயடியாகத் தின்னும்போது, செரிக்காத உணவு பெருங்குடலைச் சென்றடைந்து நோய்க்கிருமிகளுக்கு இரையாகிறது. கழிச்சல் தொடங்குகிறது.

இக்கழிச்சலைத் தடுக்க ஐரோப்பிய நாடுகளில் துத்தநாக ஆக்சைடு மிக அதிக அளவில் தீவனத்தில் கலக்கப்பட்டு வந்தது. மண்ணிலும் நீரிலும் சேரும் மாசு, மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகும் அபாயம் ஆகியவற்றைக் கருதி, மருந்து அளவிலான இந்தப் பயன்பாட்டை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூன் மாதத்துடன் நிறுத்தியது. இந்தியாவில், உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் என்ற நோயுயிர்முறி மருந்தை அளிப்பதற்கு 2019-ல் தடை விதிக்கப்பட்டது. எனவே தீவனத்தின் தரமே முதல் தடுப்பு என்ற நிலை உருவாகியுள்ளது.

வடகிழக்கு வீடுகளில் பன்றிக்குக் கிடைப்பது பெரும்பாலும் அரிசித் தவிடு, சமையல் கழிவு, வேகவைத்த சேப்பங்கீரை, சர்க்கரைவள்ளிக் கொடி, வாழைத்தண்டு ஆகியவை. வளர்ந்த பன்றி இவற்றைக் கொண்டே தாக்குப்பிடிக்கும். குட்டிக்கு இவை போதாது. சிறிய வயிற்றை நார்ச்சத்தும் நீரும் நிரப்பிவிட, தசை வளர்ச்சிக்குத் தேவையான லைசின் என்ற அமினோ அமிலம் பற்றாக்குறையாகவே இருக்கிறது. லைசின் குறைந்தால் பிற அமினோ அமிலங்கள் எவ்வளவு இருந்தாலும் அவை தசையாக மாறுவதில்லை. மீன்தூள், சோயா புண்ணாக்கு ஆகியவை இக்குறையை ஈடுசெய்பவை. வீட்டில் விளைந்த சோயாவைப் பச்சையாக அளிப்பது தவறு. புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் அதில் உள்ளதால், வேகவைத்தோ வறுத்தோ அளிக்க வேண்டும். தவிட்டில் உள்ள பைட்டேட் துத்தநாகத்தைப் பிணைத்துக்கொள்வதால் தோலில் பொருக்குகள் தோன்றுவதும் உண்டு. இதைச் சொறி எனக் கருதி எண்ணெய் பூசுவதால் பயன் இல்லை. தாது உப்புக் கலவையே தேவை.

இளங்குட்டிக்கான தீவனத்தில் 20 முதல் 22 சதவீதம் வரை புரதம் இருக்க வேண்டும் என்பதால் அதன் விலை அதிகம். ஆனால் கணக்கைச் சற்றுக் கூர்ந்து பார்க்க வேண்டும். தரமான தீவனம் உண்ணும் இளங்குட்டி ஒரு கிலோ எடை கூட சுமார் 2 கிலோ தீவனம் போதும். விற்பனைக்கு நெருங்கும் பன்றிக்கு அதே ஒரு கிலோவுக்கு 3 முதல் 4 கிலோ வரை தேவைப்படுகிறது. குட்டி தின்னும் மொத்த அளவும் சொற்பம். விலை உயர்ந்த தீவனம் கட்டுபடியாகும் பருவம் இதுவே. நடைமுறையிலோ, விற்பதற்கு முந்தைய மாதங்களில் செலவழித்துக் கொழுக்க வைக்கவே பலர் முனைகின்றனர். அப்போது கூடுவதில் தசையைவிடக் கொழுப்பின் பங்கே அதிகம்.

உணவகக் கழிவைப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஆப்பிரிக்க பன்றிக் காய்ச்சல் மனிதரைத் தாக்குவதில்லை. ஆனால் அதன் வைரஸ் பன்றி இறைச்சித் துண்டுகளில் நீண்ட காலம் உயிர்ப்புடன் இருக்கும். கழிவை நன்கு கொதிக்க வைக்காமல் அளித்தால் பட்டி முழுவதும் அழியக்கூடும். இரண்டாவது உப்பு. உப்பு மிகுந்த கழிவைத் தின்ற குட்டிக்குப் போதிய குடிநீர் கிடைக்காவிட்டால் வலிப்பு ஏற்பட்டு இறக்க நேரிடும்.

சந்தையில் குட்டி வாங்கும் நாளில் தாயைப் பிரிதல், வாகனப் பயணம், புதிய இடம், புதிய தீவனம் ஆகிய நான்கும் குட்டியின் மீது ஒரே நாளில் விழுகின்றன. ஆகவே ஏற்கெனவே பால்குடி மறந்து சில நாட்களாகத் தீவனம் தின்னும் குட்டியையே தேர்ந்தெடுப்பதும், அது தின்று பழகிய தீவனத்தில் சில கிலோவை விற்பவரிடமே கேட்டுப் பெற்று, ஒரு வார காலத்தில் படிப்படியாகப் புதிய தீவனத்துக்கு மாற்றுவதும் நல்லது. கொட்டகையை அடைந்தவுடன் முதலில் வைக்க வேண்டியது தண்ணீர். தீவனம் பின்னர் சிறிது சிறிதாக, நாளொன்றுக்கு நான்கைந்து வேளைகளில் வைக்கப்பட வேண்டும்.