இறங்கும் துடிப்பு

ஜிம்மில் டிரெட்மில் ஓடும்போது கைக்கடிகாரம் இதயத் துடிப்பு 180 என்று காட்டுகிறது, இது இதயத்துக்கு ஆகுமா என்று கொச்சி மட்டாஞ்சேரியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயது இருபத்து நான்காம். நெஞ்சுவலியோ மயக்கமோ இல்லையென்றால், அந்த வயதில் உச்ச வேகத்தில் 180 சகஜம். எனக்கு வேறொன்று தெரிய வேண்டும். ஓட்டம் முடிந்த அடுத்த நிமிடத்தில் அது எவ்வளவு இறங்கியது?

மூளையிலிருந்து வரும் வேகஸ் நரம்பு, இறக்கத்தில் நாம் சைக்கிள் பிரேக்கை லேசாகப் பிடித்தே வருவதுபோல, இதயத்தை எந்நேரமும் பிடித்துவைத்திருக்கிறது. ஓடத் தொடங்கியதும் பிடி தளரும். ஓட்டம் முடிந்ததும் மறுபடி இறுகும். முதல் நிமிடச் சரிவு பெரும்பாலும் இந்தப் பிடியின் வேலை. பயிற்சி பெற்ற உடம்பில் அது மளமளவென்று நடக்கும். அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவர்கள் 2,428 பேரை டிரெட்மில்லில் ஏற்றி, ஆறு ஆண்டுகள் கவனித்து, முடிவை 1999இல் வெளியிட்டார்கள். முதல் நிமிடத்தில் 12 துடிப்போ அதற்கும் குறைவாகவோ இறங்கியவர்களிடையே மரணம் கூடுதலாக இருந்தது. அவர்களின் சராசரி வயது 57; ஆகவே இளைஞர்கள் 12 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு பயப்பட வேண்டாம். மாதாமாதம் தன் சரிவு கூடுகிறதா என்று பார்த்தால் போதும்.

துடிப்பு ஏறி இறங்கும் உழைப்புக்கு, மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் நீலச்சட்டை போட்ட சுமைதூக்கும் தொழிலாளிகளைப் பாருங்கள். மூட்டையைத் தலையில் ஏற்றி விறுவிறுவென்று குடோனுக்குள் போவார்கள். வெறுங்கையோடு நிதானமாகத் திரும்புவார்கள். இதே மாதிரி வேலை செய்த சான் பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர்களை 22 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பாஃபன்பார்கர் என்ற ஆய்வாளர், விட்டுவிட்டு வரும் கடும் உழைப்பு மாரடைப்பு மரணத்திலிருந்து காப்பதாக 1975இல் எழுதினார். இடையில் வரும் அந்த நிதான நடையும் உழைப்பில் சேர்த்திதான் என்பது என் எண்ணம்.

நம் பிள்ளைகள் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். உச்சத்தில் ஓடிவிட்டுச் சட்டென்று பெஞ்சில் உட்கார்ந்து போனை எடுக்கிறார்கள். கால்களில் ரத்தம் தேங்கித் தலை சுற்றினால், ஓடியது அதிகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நிறுத்துமுன் ஐந்து நிமிடம் மெதுவாக நடக்கச் சொல்லித்தராத ஜிம் எவ்வளவு பெரிய கண்ணாடி மாட்டி என்ன பயன்?

தம்பி, உச்சத் துடிப்பைக் குறித்துக்கொண்டு, மெதுவாக நடந்தபடியே ஒரு நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஓடும்போது எப்போதாவது மயங்கியிருந்தாலோ, வீட்டில் யாராவது சிறுவயதில் திடீரென்று இறந்திருந்தாலோ, முதலில் இதய மருத்துவரிடம் ஈசிஜியும் எக்கோவும் பார்த்துவிட்டு டிரெட்மில் ஏறுங்கள்.