உஷார்! உங்கள் கையெழுத்தை வைத்தே கிராம சபையை முடித்துவிடுவார்கள்

கிராம சபை தேதிக்கு முன்னாலோ பின்னாலோ யாராவது ஒரு நீள நோட்டைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வந்தால், பேனாவைத் தொடாதீர்கள். முதலில் அந்த நோட்டை வாங்கிப் படியுங்கள்.

பெரும்பாலும் அது, மக்கள் 'நூறு நாள் வேலை' என்று சொல்லும் ஊரக வேலைத் திட்டப் பணி நடக்கும் இடத்துக்குத்தான் வரும். ஏரிக்கரையில் மண் வெட்டிவிட்டு வேப்பமர நிழலில் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். "அக்கா, கூட்டத்துக்கு நீங்க வரலைல்ல, ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க. அட்டெண்டன்ஸ்தான், வேற ஒண்ணும் இல்ல." எழுதத் தெரியாதவர்களுக்கு இங்க் பேட் நீட்டப்படும். வேலைக்கு ஆள் எடுப்பவரே நோட்டையும் நீட்டும்போது யார் மறுப்பார்கள்? ஒருவர் பின் ஒருவராகப் போட்டுவிடுவார்கள். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், தீர்மானம் எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கும். அதில் பிறகு என்ன எழுதினாலும் ஊரே கூடி நிறைவேற்றியதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கதைதான்.

இவ்வளவு மெனக்கெட்டு ஏன் கையெழுத்துச் சேர்க்கிறார்கள் என்றால், கோரம், அதாவது கூட்டம் செல்வதற்கு வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆள் கணக்கு. 500 பேர் வரை வாழும் ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை என்றால் 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கும் மேல் 300 பேர் வந்திருந்தால்தான் தமிழ்நாட்டில் கிராம சபை செல்லும். மர நிழலில் நாற்பது பேர் உட்கார்ந்து கலைந்த கூட்டத்தை இருநூறு பேர் கூட்டமாக்க மிச்சக் கையெழுத்து எங்கிருந்தோ வந்தாக வேண்டும்.

இது ஏதோ சின்ன ஊர் விவகாரம் என்று நகரத்தில் இருப்பவர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் ஓட்டுப் போட்டால் நம் வேலை அன்றோடு முடிகிறது. ஐந்து வருஷம் நமக்காக வேறொருவர் பேசுவார். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் பிரதிநிதி யாரும் இல்லாமல் தானே உறுப்பினராக உட்காரும் சபை, நம் அரசியல் சட்டத்தில் கிராம சபை மட்டும்தான். 243-ஏ பிரிவு அதற்குப் பெயர் சொல்லி இடம் கொடுத்திருக்கிறது. மக்களாட்சியில் மக்கள் நேரடியாக ஆளும் இடம் அது. அங்கேயே பொய்க் கையெழுத்து என்றால் மேலே எதை நம்புவது?

அந்த இடம் சும்மா கிடைக்கவில்லை, காலங்காலமாக எல்லோருக்கும் இருந்ததும் இல்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி மேடைக்கு மேடை பேசுகிறோம். முதலாம் பராந்தகன் காலம், 919, 921-ஆம் ஆண்டுகள், பெயர் எழுதிய ஓலையைக் குடத்தில் போட்டு எடுக்கும் குடவோலை முறை. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்தச் சபையில் உட்கார வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். வேதக் கல்வி வேண்டும். அது பிராமணர் ஊரின் சபை. பெண்ணுக்கும், நிலமில்லாத உழவனுக்கும் குடத்தில் ஓலை கிடையாது. என்னைக் கேட்டால், அந்தக் கல்வெட்டில் இன்றைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: வாரியத்தில், அதாவது சபையின் குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயரையும், அவர் உறவினர் பெயரையும் மறுபடி குடத்தில் போடக் கூடாது என்ற விதி. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கல்லில் வெட்டி வைத்த நிபந்தனை அது.

சுதந்திர இந்தியா கிராமத்தை உடனே நம்பவில்லை. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தை அறியாமையும் குறுகிய புத்தியும் வகுப்புவாதமும் குடியிருக்கும் இடமாகவே பார்த்தார். பஞ்சாயத்து வேண்டும் என்று கே.சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தால்தான் 40-ஆவது பிரிவு வந்தது. அதுவும் வழிகாட்டு நெறியாக மட்டும். நீதிமன்றம் போய்க் கேட்க முடியாது. கட்டாயமான உரிமையாக ஆனது 73-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்த 1993 ஏப்ரல் 24-ஆம் தேதிதான். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டோடு வந்தது.

அம்பேத்கரின் பயம் வீண் பயம் இல்லை என்பதை நம் ஊர்களே காட்டின. 1996-இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியில் தலைவராக வந்த முருகேசனை 1997 ஜூன் 30 அன்று பேருந்திலிருந்து இறக்கி வெட்டிக் கொன்றார்கள். அவரோடு இன்னும் ஐந்து பேரையும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளில் 2006 வரை, பத்து வருஷம், முறையான தலைவரே நிலைக்க முடியவில்லை. 2019 டிசம்பரில் ஊராட்சிப் பதவியை ஏலம் விட்டதை எதிர்த்துக் கேட்ட இளைஞர் ஒருவர் விருதுநகர் மாவட்டத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். கோயில் கட்டத்தானே பணம், திருவிழாவுக்குத்தானே பணம் என்று ஏலத்துக்குச் சமாதானம் சொல்கிறவர்களுக்கு ஒரு கேள்வி: பணம் கொடுத்துப் பதவி வாங்கியவர், போட்ட முதலை எங்கிருந்து எடுப்பார்?

தேர்தலே நடக்காமல் போவது இன்னொரு ஆபத்து. ஐந்து ஆண்டுப் பதவிக்காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டும் என்று 243-இ பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது, மீதி ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரில். அந்த 27 மாவட்டங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தபோதும் புதியவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கவில்லை. நிர்வாகம் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) போன்ற தனி அலுவலர்களிடம் போனது. எந்தக் கட்சி ஆட்சி என்று பார்க்காதீர்கள், இரண்டு ஆட்சியிலும் இதே கதை. தெருவிளக்கு எரியவில்லை என்றால் தலைவர் வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போடலாம். பி.டி.ஓ. ஆபீஸில் அதைச் செய்ய முடியுமா?

தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபை உண்டு. அதனால்தான் இந்த நோட்டு விஷயத்தில் இவ்வளவு பதறுகிறேன். அந்த நோட்டில் உண்மையாக எழுதப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஒடிசாவின் நியம்கிரி இருக்கிறது. பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்பதை மலைவாழ் மக்களின் கிராம சபைகளே சொல்லட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பன்னிரண்டு ஊர்களில் சபை கூடியது. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. அங்கே வன உரிமைச் சட்டத்தின் பலம் இருந்தது. எல்லாக் கிராம சபைத் தீர்மானத்துக்கும் அந்தப் பலம் கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆனாலும் மதுரை அரிட்டாபட்டியைப் பாருங்கள். டங்ஸ்டன் சுரங்க ஏலம் என்று தெரிந்ததும் 2024 நவம்பரில் கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். மேலூர்ப் பகுதியிலிருந்து மதுரைக்குப் பேரணி போனார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. போராட்டத்துக்குக் கையில் ஒரு காகிதம் இருந்தது. ஊரே உட்கார்ந்து எழுதிய காகிதம்.

அந்தக் காகிதத்தைக் காப்பாற்றுவது உங்கள் கையில். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களைக் காலண்டரில் வட்டமிடுங்கள். போகும்போது தனியாகப் போகாதீர்கள், தெருவோடு போங்கள். தனி ஆள் கேட்டால் 'அப்புறம் பார்க்கலாம்' என்று உட்கார வைத்துவிடுவார்கள். வரவு செலவைச் சொல்லும் படிவம் 30 எங்கே என்று கேளுங்கள். பயனாளிகள் பட்டியலை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். தீர்மானத்தை அங்கேயே, உங்கள் கண் முன்னால் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகு அதற்கு நேர் கீழே கையெழுத்துப் போடுங்கள். இடையில் வெற்றிடம் இருந்தால் குறுக்கே கோடு இழுக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்க விடவில்லை என்றால், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்கள். போன வருஷத் தீர்மானங்களையும் சேர்த்தே கேளுங்கள். நீங்கள் போகாத கூட்டத்தில் உங்கள் பெயர் இருந்தால், கலெக்டருக்கு எழுத்தில் புகார் கொடுத்து, ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.