கசப்பு மருந்துகள் – 9: கொதித்தால் கெடும் மருந்து

மலேரியா நுளம்பு நல்ல தண்ணீரில்தான் பெருகும் என்று படித்தவர்கள், மட்டக்களப்பு வாவிக்கரைக்கு வந்தால் பாடத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். மலேரியாவைப் பரப்புவதில் இலங்கையில் முதலிடம் பிடித்த அனோபிலிஸ் குலிசிபேசிஸின் குடம்பிகள் இந்த மாவட்டத்தின் உவர்நீரிலும் வளர்வதை 2010இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எழுவான்கரையில் உப்புக்காற்று, படுவான்கரையில் வயலும் குளமும். நுளம்புக்கு இரண்டு கரையும் சொந்தம்.

2004 சுனாமிக்குப் பிறகு, கடல்நீர் புகுந்த கிணறுகளையும் குட்டைகளையும் பார்த்து மலேரியா வெடிக்கும் என்று பலர் பயந்தார்கள். வெடிக்கவில்லை. 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தபோது, கடைசி உள்நாட்டு நோயாளி பதிவாகி நான்கு வருடம் ஆகவிருந்தது. ஆனால் நுளம்பு போகவில்லை. ஆபிரிக்காவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ திரும்புகிற ஒருவர் உடம்பில் கிருமி வந்துவிடலாம். அதனால் குளிசைகள் கையிருப்பில் இருந்தே ஆக வேண்டும்.

அந்தக் குளிசைகளின் பூர்வீகம் செடிகொடிதான். முதலில் வந்தது கொயினா, அதாவது குயினைன். தென் அமெரிக்க சிங்கோனா மரப்பட்டையிலிருந்து குயினைனை 1820இல் பெல்லட்டியே, கவந்து என்ற பிரெஞ்சுக்காரர் இருவர் பிரித்தெடுத்தார்கள். 1861இல் இலங்கையின் ஹக்கலையில் தாவரத் தோட்டம் தொடங்கியதே சிங்கோனாவுக்காகத்தான். கோப்பியை நோய் தின்றதும் துரைமார் இதில் இறங்க, சந்தையில் பட்டை குவிந்து விலை விழுந்தது. பிறகு தேயிலை. காய்ச்சல் வாட்டிய நாட்டில் விளைந்த மருந்து பெரும்பாலும் கப்பலேறிப் போனதுதான் வேடிக்கை.

அடுத்த கதை சீனாவில். மலேரியாவுக்கு மூலிகை தேடிய விஞ்ஞானி து யூயூவின் குழு, சிங்ஹாவோ என்ற செடியைக் காய்ச்சிக் காய்ச்சிப் பார்த்தும் பலன் ஒருநாள் தெரிந்தது, மறுநாள் இல்லை. நாலாம் நூற்றாண்டு வைத்தியர் கெ ஹொங்கின் ஏட்டைத் திரும்பப் புரட்டினார் து. ஒரு பிடி இலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்றிருந்தது. அடுப்பைப் பற்றிப் பேச்சே இல்லை! சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று சந்தேகித்தவர், குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் ஈதரைப் பயன்படுத்தினார். 1971 ஒக்டோபரில், 191ஆம் இலக்கச் சாறு எலிகளின் உடம்பிலிருந்த கிருமியை முற்றாக ஒழித்தது. அதிலிருந்து கிடைத்த ஆர்டிமிசினினுக்கு 2015இல் நோபல் பரிசு.

அது வேலை செய்கிற விதம் விசித்திரமானது. கிருமி சிவப்பணுவுக்குள் இருந்து ஹீமோகுளோபினைத் தின்கிறது. அதில் வெளிப்படும் இரும்பு, மருந்து மூலக்கூறிலுள்ள ஒட்சிசன் பாலத்தை உடைக்கிறது. உடைந்த துண்டுகள் கிருமியின் புரதங்களைச் சிதைக்கின்றன. தின்ற சோறே எமனாகிறது.

இதைக் கேட்டதும் எங்கள் பரியாரிமாரின் நிலவேம்புக் கஷாயம் நினைவுக்கு வரும். அதன் கசப்புக்குக் காரணமான அன்ட்ரோகிராபோலைட் ஆய்வுகூடத்திலும் எலிகளிலும் மலேரியாக் கிருமியை ஓரளவு அடக்கியிருக்கிறது. அதை நம்பி வீட்டில் படுத்திருப்பது வேறு விஷயம்: பல்சிபாரம் வகை மலேரியா மூளையைத் தாக்க அதிக நாள் எடுக்காது. வெளிநாட்டிலிருந்து வந்தவருக்குக் காய்ச்சலென்றால் முதலில் ஆஸ்பத்திரி, இரத்தப் பரிசோதனை.

மட்டக்களப்புக் கஜுவின் கோதுக்குள்ளும் ஓர் எண்ணெய் இருக்கிறது. உடைக்கிறவர் கையைப் புண்ணாக்குவது. அதன் வேதிப்பொருள்களிலிருந்து ஆபிரிக்கத் தூக்கநோய்க்கு மருந்து வடிவமைக்கப் பார்க்கிறார்கள் இத்தாலியின் போலோஞா பல்கலைக்கழக ஆய்வாளர்கள். அது அடுத்த வாரம்.