அமராவதி தண்ணீரை அளந்து எழுதி வையுங்கள்

தண்ணீர் நிறம் மாறினால்தான் ஆறு கெட்டது என்று பலரும் நினைக்கிறோம். ஆனால், பயிரைக் கெடுக்கும் கரைந்த உப்புக்கு நிறம் கிடையாது. நொய்யலில் பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர் சாயக்கழிவு தேங்கியது. சுற்றுவட்டாரக் கிணறுகளும் உப்பாயின. விவசாயிகள் தொடர்ந்த வழக்கில், கழிவை வெளியேற்றிய சாய ஆலைகளை மூட 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆலைகள் மூடினாலும் மண்ணில் ஏறிய உப்பு உடனே இறங்காது.

மடத்துக்குளம் வழியாக ஓடும் அமராவதி வேறு ஆறு. இங்கே நெல், கரும்பு, தென்னை எல்லாம் அதை நம்பியே இருக்கின்றன. அதனால் கெடும் முன்பே கவனிப்பது நல்லது.

மாதிரி எடுப்பது எப்படி?

ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். கரையோரம் தேங்கிய நீர் வேண்டாம். ஓடும் நீரில் எடுங்கள். போர்வெல் என்றால் 15 நிமிடம் மோட்டார் ஓடிய பிறகு பிடியுங்கள். இடம், தேதி எழுதி, மறுநாளுக்குள் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். கோடையில் ஒன்று, அணை திறந்தபின் ஒன்று, வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒன்று என ஆண்டுக்கு மூன்று முறை, ஒரே இடத்தில் எடுங்கள்.

முடிவைப் படிப்பது எப்படி?

மின்கடத்தும் திறன் (இ.சி.) 0.7 டெசி சைமன்ஸுக்குக் கீழ் இருந்தால் கவலையில்லை. 0.7 முதல் 3 வரை பயிரைப் பார்த்துப் பாய்ச்ச வேண்டும். 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிருக்கு ஆகாது. எஞ்சிய சோடியம் கார்பனேட் (ஆர்.எஸ்.சி.) 1.25 மில்லி ஈக்விவலன்ட் வரை நல்லது, 2.5-க்கு மேல் ஆகாது.

உப்பு என்றதும் ஜிப்சம் வாங்காதீர்கள். ஜிப்சம் சோடியம் மிகுந்த களர் நிலத்துக்குத்தான். இ.சி. மட்டும் அதிகமென்றால் வடிகால் வெட்டி, நல்ல தண்ணீர் கிடைக்கும்போது தேக்கி வடிப்பதே வழி.

ஒரு முறை எடுத்த அளவு அன்றைய நிலையை மட்டுமே சொல்லும். மூன்று ஆண்டுக் குறிப்பு இருந்தால் எந்த மாதம், எந்த இடத்துக்குக் கீழே உப்பு ஏறுகிறது என்பது தெரியும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் மனு கொடுக்கும்போதும் தேதியோடு கூடிய அளவுகளே பேசும். உதவி வேளாண்மை அலுவலர்கள் ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு நோட்டு தொடங்க உதவலாம். முதல் மாதிரியை இந்தக் கோடையிலேயே எடுங்கள்.